வாய் பேசாப் பிரயாணிகள்



அரசாங்க சேவையில் உள்ளோர் வீட்டுக்கு இடமாற்றக் கடிதம் வந்துவிட்டால், அன்று தொட்டு அங்கே மூட்டை கட்டும் வேலை ஆரம்பமாகிவிடும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ குடிபெயரும் குடும்பம், அம்மியையும் உரலையும் எவ்வாறு லொறியில் ஏற்றுவது என்பதைக்கூட முன்கூட்டியே யோசித்து வைக்கும். வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ஓர் ஒழுங்கு செய்யப்படும். ஆனால், கூடத்து மூலையிலே கண்ணாடித் தொட்டியில் வாழும் ஆமையைப் பற்றிய நினைவு, பெரும்பாலும் வண்டி புறப்படும் வேளையிலேதான் வருகிறது. அப்பொழுது பிள்ளை அழத் தொடங்குகிறது. உடனே தந்தையார் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தேடி எடுக்கிறார். அன்றேல், “வாவியிலே விட்டுவிடுவோம், அது பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிடுகிறார்.

இவ்விரண்டும் தவறான வழிகளே. வாளியிலே போகும் ஆமை வழியில் இறந்து போகலாம். வாவியிலே விடப்படும் ஆமையோ, வாவியில் வாழும் பிற உயிர்களுக்குக் கேடு செய்யலாம். ஊர்வன இனத்தைச் சேர்ந்த வளர்ப்புப் பிராணியொன்றை நெடுவழியிலே நலமாகக் கொண்டு சேர்க்கும் முறை யாது என்பதையும், அதற்கு அடிப்படையான காரணம் யாது என்பதையும் இன்று சிறிது விளக்க விரும்புகிறேன்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். மனிதன், மாடு, கோழி ஆகிய உயிர்கள் தாம் உண்ட உணவைக் கொண்டு தம் உடலுக்கு வேண்டிய சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. மட்டக்களப்பின் வெயிலிலும் நுவரெலியாவின் குளிரிலும் நம் உடற்சூடு ஏறத்தாழ 37 பாகை செல்சியசாகவே இருக்கிறது. பாம்பு, பல்லி, ஓணான், ஆமை, முதலை ஆகிய ஊர்வனவற்றின் நிலை வேறு. அவை தம் சூட்டைப் புறத்திலிருந்தே பெறுகின்றன. காலை வேளையில் வாவிக்கரைச் சேற்றிலே முதலை வெயில் காய்வதையும், உச்சி வேளையில் அது நீருள் இறங்கி மறைவதையும் நம்மவர் பலர் கண்டிருப்பர். அது சோம்பலும் அன்று, விளையாட்டும் அன்று. வெயிலுக்கும் நிழலுக்குமாக மாறி மாறிச் சென்றுதான் அப்பிராணி தன் உடற்சூட்டை ஓர் அளவிலே வைத்துக்கொள்கிறது. பாடநூல்கள் இவற்றைக் குளிர்க்குருதிப் பிராணிகள் என்று கூறும். அப்பெயரைக் கேட்டு, அவற்றின் குருதி எப்பொழுதும் குளிர்ந்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. நண்பகலில் வேலியின் மேல் வெயில் காயும் ஓணானின் குருதி நம்முடையதைப் போலவே சூடாயிருத்தல் கூடும்.

ஆகவே ஓர் ஆமையைப் பெட்டியில் வைத்து மூடும்போது, அதன் வெயிலையும் நிழலையும் நாம் பறித்துக்கொள்கிறோம். பெட்டி எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு அதுவும் சுடும். பெட்டி குளிர்ந்தால் அதுவும் குளிரும். எழுந்து நிழலுக்குச் செல்ல அதனால் இயலாது. இதுவரை அது தானே செய்துகொண்ட வேலை, இப்பொழுது நம் கையிலே ஒப்படைக்கப்பட்டுவிட்டது. பெட்டி, உணவு, பாதை, நேரம் ஆகியவை பற்றிச் சொல்லப்போகும் விதிகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பனவே.

இன்னுமொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். நாய்க்கு வெப்பம் தாங்காவிட்டால் அது நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். பூனை கத்தி ஊரைக் கூட்டும். ஆமையோ தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு கிடக்கும். ஐம்பொறிகளை அடக்குதற்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டியது நாம் அறிந்ததே. ஆனால் பெட்டிக்குள் கிடக்கும் ஆமையின் ஒடுக்கம் ஞானியின் அடக்கம் அன்று. அது பயத்தினாலும் இருக்கலாம், குளிரினாலும் இருக்கலாம், உயிர் போகும் வெப்பத்தினாலும் இருக்கலாம். “சத்தமில்லாமல் இருக்கிறது, சுகமாக இருக்கிறது” என்று நாம் எண்ணும்போது அது மரண அவத்தைப்பட்டுக்கொண்டிருக்கவும் கூடும். வாய் பேசாப் பிரயாணியைக் கொண்டு செல்வோர், அதன் வாயாகத் தாமே இருத்தல் வேண்டும்.

ஆமையை வண்டியேற்றிச் சென்ற செய்தியொன்று ஆங்கில இலக்கியத்தில் உண்டு. செல்போர்ன் என்னும் ஊரில் வாழ்ந்த கில்பர்ட் உவைற் என்ற பாதிரியார் இயற்கை ஆராய்ச்சியிலே பேர்பெற்றவர். அவருடைய அத்தை நீண்டகாலம் தம் தோட்டத்தில் ஓர் ஆமையை வளர்த்து வந்தார். 1780 ஆம் ஆண்டு அவர் காலமானபின், உவைற் அந்த ஆமையைத் தம்முடன் கொண்டு சென்றார். அது மார்ச்சு மாதம்; ஆமை இன்னும் மண்ணுக்குள்ளே குளிர்கால உறக்கத்தில் இருந்தது. அதைத் தோண்டி எடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டிகளில் 80 மைல் தூரம் கொண்டு சென்றார். வண்டியின் ஆட்டமும் குலுக்கமும் ஆமையை நன்றாக எழுப்பிவிட்டன. தோட்டத்தில் விட்டதும் அது இருமுறை நடந்து சென்றது. ஆயினும் மாலைக் குளிர் வந்ததும் மீண்டும் மண்ணுக்குள் புகுந்துகொண்டது. இச்செய்தி 1789 இல் வெளிவந்த அவருடைய நூலிலே காணப்படுகிறது. மண் நிரப்பிய பெட்டி குளிரையும் குலுக்கத்தையும் ஓரளவு குறைத்திருக்கும் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அந்த ஆமை அதன்பின்னும் 14 ஆண்டுகள் வாழ்ந்து, உவைற் மறைந்த மறு ஆண்டிலேயே இறந்தது.

முறைகளைக் கூறுமுன், எந்தப் பிராணியைக் கொண்டு செல்லலாம் என்பது பற்றி ஒரு வார்த்தை. 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும், அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும், நம் நாட்டு ஊர்வனவற்றுட் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. வாவியில் வாழும் முதலையும், கடலாமையும், குளத்துப் பாலாமையும், காட்டிலே திரியும் நட்சத்திர ஆமையும் வீட்டிலே வளர்த்தற்குரியன அல்ல. நட்சத்திர ஆமையின் அழகே அதற்கு எமனாயிற்று. அதைக் களவாகக் கடல் கடத்துவோர் பெருகினர். இதனால், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் நாடுகள், 2019 ஆம் ஆண்டு ஜெனீவா நகரிலே கூடியபோது, அதை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதலாம் பட்டியலிற் சேர்த்தன. ஆகவே காட்டிலிருந்து பிடித்த ஆமையை எவ்வாறு பத்திரமாகக் கொண்டு செல்வது என்று யாரேனும் கேட்பின், கொண்டு செல்லாதீர் என்பதே விடை. நான் இங்கே பேசுவது, மீன்தொட்டிக் கடைகளில் விற்கப்படும் அந்நிய நாட்டுச் செங்காது ஆமை போன்றவற்றைப் பற்றியே. வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர் வீடுகளிலே, அந்நாட்டுச் சட்டத்திற்கமையப் பாம்பும் பல்லியும் வளர்ப்போரும் உளர். அவர்களுக்கும் இம்முறைகள் பொருந்தும்.

முதலாவது உணவு. நெடுவழி போகும் பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்து அனுப்புவது தாய்மாரின் வழக்கம். ஊர்வனவற்றின் விடயத்தில் இவ்வன்பு ஆபத்தாய் முடியும். உண்ட உணவு செரிப்பதற்கு அவற்றுக்குப் புறச்சூடு வேண்டும். வழியிலே சூடு குறைந்தால் உணவு வயிற்றிலேயே தங்கிக் கெட்டுப்போகும். குலுக்கத்தினால் பாம்பு தான் விழுங்கியதைக் கக்கிவிடுவதும் உண்டு. எனவே பயணத்துக்கு முன் ஆமைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ உணவை நிறுத்திவிடலாம். பாம்பாயின், அது இரையெடுத்து ஒரு வாரமாவது கழிந்திருத்தல் நன்று. இதனால் அது பசியால் வாடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. உடற்சூட்டுக்காக உணவைச் செலவிடாமையால், அதே நிறையுள்ள ஒரு பாலூட்டிக்கு வேண்டிய உணவிற் பத்தில் ஒரு பங்களவே ஊர்வனவற்றுக்குப் போதும். ஆனால் நீர் வேறு. புறப்படும் நாட்காலையில் ஆமையை ஆழமற்ற, இளஞ்சூடான நீரிலே கால்மணி நேரம் விட்டால், அது குடித்தும் கழித்தும் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடும்.

இரண்டாவது பெட்டி. நீர்வாழ் ஆமையை நீரோடு கொண்டுசெல்ல வேண்டும் என்பது பலரின் எண்ணம். அது தவறு. வாளியிலுள்ள நீர் வண்டியின் ஆட்டத்தில் அலைமோதி ஆமையைப் புரட்டும். களைத்துப்போன ஆமை நீரிலே மூழ்கி இறப்பதும் உண்டு, ஏனெனில் அதுவும் நம்மைப் போல் நுரையீரலாற் சுவாசிக்கும் பிராணியே. ஈரத்துணி அல்லது ஈரத் துவாய் விரித்த பெட்டியே அதற்கு ஏற்றது. பெட்டியின் பக்கங்கள் ஒளி ஊடுருவாதவையாய் இருத்தல் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வைத்தால், வெளியே தெரியும் இடத்துக்குப் போக முயன்று மணிக்கணக்காகச் சுவரைப் பிறாண்டிக்கொண்டேயிருக்கும், இருளிலே அமைதியடையும். அது திரும்பக்கூடிய அளவு இடம் போதும். பெட்டி மிகப் பெரிதாயின் குலுக்கத்தில் உருண்டு அடிபடும். காற்றுக்காகப் பக்கங்களிலே துளையிடும்போது உள்ளிருந்து வெளிப்புறமாக இடவேண்டும்; அப்பொழுதுதான் கூரிய விளிம்பு உட்புறமிருந்து பிராணியைக் கீறாது. ஒரு பெட்டிக்கு ஒரு பிராணியே என்பதும் கண்டிப்பான விதி. பாம்பாயின், தையல் பிரியாத பருத்திப் பையிலே விட்டு, வாயை இறுகக் கட்டி, அப்பையை மூடியுள்ள பெட்டிக்குள் வைப்பார்கள்.

நம் வாவிக்கரை மீன் வியாபாரிகள் ஐஸ் இட்டு மீன் கொண்டுசெல்லும் ரெஜிபோம் பெட்டியை யாவரும் அறிவோம். அது குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் நிலையை விரைவில் மாறவிடாது தடுப்பதே அதன் வேலை. ஆகவே மீனுக்கு ஐஸைக் காக்கும் அதே பெட்டி, துளையிட்டுப் பயன்படுத்தினால் ஆமைக்கு அளவான சூட்டையும் காக்கும். ஆமையின் சிறு பெட்டியை அதனுள் வைத்து, ஒரு வெப்பமானியையும் வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. உள்ளே 24 பாகைக்கும் 29 பாகைக்கும் இடைப்பட்ட சூடு இருப்பது நலம்.

மூன்றாவது வெப்பம். இதுவே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. ஆனி, ஆடி மாதங்களிலே நம் பகுதியில் கச்சான் காற்று வீசும்போது, நிழலிலேகூட அனல் அடிக்கும். அந்நாளில் வெலிகந்தை, பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகும் ஒரு குடும்பம், மதிய உணவுக்காகக் காரை நிறுத்திவிட்டுச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிகள் மூடப்பட்டு வெயிலில் நிற்கும் காரின் உட்சூடு, அரைமணி நேரத்துக்குள்ளேயே வெளிச்சூட்டைவிட 15 பாகைக்கு மேல் உயர்ந்துவிடும். வெளியே 34 பாகையாயின் உள்ளே ஏறத்தாழ 50 பாகை. ஆமையின் உடற்சூடு 40 பாகையைத் தாண்டினாலே அதன் உயிருக்கு ஆபத்து. குடும்பத்தார் சோறு உண்டு கைகழுவி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பது இதற்குப் பரிகாரமாகாது. ஆகையால் ஒருவர் பிராணியோடு நிழலிலே இருக்க, மற்றவர்கள் முறைவைத்து உண்பதே செய்யத்தக்கது. பொருட்கள் வைக்கும் பின்பெட்டியில் ஒருபொழுதும் வைக்கலாகாது. அங்கே காற்றும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. விடியற்காலையில் புறப்படுவது மிக உத்தமம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கொழும்புப் பாதையிலே, வறண்ட பிரதேசத்தை வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம்.

வாய் திறந்தபடி இருத்தல், வாயிலே நுரை தள்ளுதல், வெறிகொண்டாற்போற் பிறாண்டுதல், பின்பு தளர்ந்து கிடத்தல் ஆகியவை வெப்பம் மிகுந்ததன் அடையாளங்கள். அப்பொழுது ஐஸ் நீரை ஊற்றுதல் கூடாது. நிழலுக்குக் கொண்டுசென்று, சாதாரண நீரில் நனைத்த துணியாற் போர்த்து, மெல்ல மெல்லச் சூட்டைத் தணித்து, மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நான்காவது குளிர். மட்டக்களப்பார் குளிரைப் பற்றிக் கவலைப்படுவது குறைவு. ஆனால் செங்கலடியிலிருந்து பதுளை வீதியிலே சென்றால் நிலைமை மாறிவிடும். மகாஓயா, பிபிலை கடந்து மலையேறும் அவ்வீதி பதுளையைத் தொட்டு, அதற்கப்பால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கும் செல்கிறது. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 6 பாகை வீதம் காற்றின் சூடு குறையும். காலையில் 30 பாகையிலிருந்து புறப்பட்ட ஆமை, அன்று மாலையே 16 பாகைக் குளிரில் இருக்க நேரும். நாம் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வோம். ஆமைக்குக் கம்பளி போர்த்திப் பயனில்லை. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பதே அதன் தொழில். சூட்டை உண்டாக்காத உடலுக்குப் புறத்தேயிருந்து சூடு கொடுத்தல் வேண்டும். வெந்நீர் நிறைத்த போத்தலைத் தடித்த துவாயிற் சுற்றி, பெட்டிக்கு வெளியே, ரெஜிபோம் பெட்டிக்கு உள்ளே வைப்பது எளிய வழி. வெந்நீர்ப் போத்தல் பிராணியின் உடலிலே நேரே படலாகாது. வாகனத்தின் குளிரூட்டியிலிருந்து வரும் காற்றும் பெட்டியின் மேல் நேரே வீசலாகாது.

இவை சின்னஞ்சிறு ஆமைக்கு வேண்டிய மிகையான உபசாரங்கள் என்று சிலர் எண்ணலாம். பெரும் பிராணிகளைக் கொண்டு செல்லும் வல்லுநரும் இவ்வழியையே கைக்கொள்கின்றனர். தமிழ்நாட்டிலே மாமல்லபுரத்துக்கு அண்மையில், வடநெம்மேலி என்னும் கடற்கரைக் கிராமத்தில், ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரின் முயற்சியால் 1976 ஆம் ஆண்டு சென்னை முதலைப் பண்ணை தொடங்கப்பட்டது. அருகிவந்த முதலையினத்தைக் காக்கும் நோக்கத்தோடு எழுந்த அப்பண்ணையில், காலப்போக்கில் முதலைகள் இடம் போதாத அளவு பெருகிவிட்டன. ஆதலால் 2022 ஆம் ஆண்டில், சுமார் ஆயிரம் முதலைகளைக் குஜராத் மாநிலத்து ஜாம்நகரிலுள்ள விலங்கு நிலையத்துக்கு அனுப்பும் பணி ஆரம்பமாயிற்று. தூரம் ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர், சென்றதோ தரைவழி. மரப்பெட்டிகளிலே வைத்து, சூடு அளவாக வைக்கப்பட்ட வாகனங்களில் அவற்றைக் கொண்டு சென்றனர். நாம் ஓர் ஆமைக்குச் செய்யவேண்டுமென்று கூறியதும், அவர்கள் முதலைகளுக்குச் செய்ததும் அடிப்படையில் ஒன்றே.

நம் வாவிப் பகுதியிலும் குடிமனைகளை நெருங்கிவிடும் முதலைகளை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தார் பிடித்து அப்புறப்படுத்துவதுண்டு. முதலையின் வாயை மூடும் தசை அதிபலமுடையது. திறக்கும் தசையோ பலங்குறைந்தது. அதனால் மூடிய வாயைக் கயிற்றாற் கட்டிவிடுவது சாத்தியமாகிறது. கண்களை ஈரத்துணியால் மறைத்தவுடன் அது பெரிதும் அடங்கிவிடும். பெட்டிக்குள் ஆமையை அமைதிப்படுத்தும் இருளே இங்கும் வேலை செய்கிறது. ஆயினும் இது பயிற்சி பெற்றோர் செய்யும் கருமம். வளவுக்குள் முதலையோ பாம்போ வந்தால், 1992 என்ற இலக்கத்தில் அத்திணைக்களத்தாருக்கு அறிவிப்பதே நம் கடன்.

போய்ச் சேர்ந்தபின் செய்யவேண்டியது சிறிதே. புதிய வீட்டிலே கட்டிலைப் பூட்டுமுன் ஆமையின் தொட்டியை ஒழுங்குசெய்யுங்கள். முதலில் நீர், உணவு ஒரு நாள் கழித்து. உறவினரும் அயலாரும் தூக்கிப் பார்க்கச் சில நாளைக்கு இடங்கொடாதீர்கள். பெட்டியையும் ஆமையையும் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலில் அவற்றுக்குத் தீங்கு செய்யாது வாழும் சால்மொனெல்லா என்னும் பற்றீரியா, சிறுவருக்கு வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் உண்டாக்கும். குழந்தைகள் சிற்றாமைகளை வாயில் வைத்து நோயுற்ற காரணத்தால், அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டிலேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

இனி, வாவியில் விட்டுவிடலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். நாணயம் போன்ற பச்சைக் குஞ்சாகக் கடையில் வாங்கப்படும் செங்காது ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பிரதேசத்தைத் தாயகமாகக் கொண்டது. அது சாப்பாட்டுக் கோப்பையளவு வளரும். முப்பது ஆண்டுகள் வரையும் வாழும். வளர்க்க அலுத்தவர்கள் உலகெங்கும் அதைக் குளங்களிலும் ஆறுகளிலும் விட்டதன் விளைவாக, உலகின் மிகக் கேடான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களுள் ஒன்றாக அது இன்று எண்ணப்படுகிறது. உன்னிச்சைக் குளத்திலோ வாவியின் நன்னீர் ஓடைகளிலோ அதை விட்டால், நம் கறுப்பாமையும் பாலாமையும் வெயில் காயும் மரக்கட்டையையும், உண்ணும் இரையையும் அது பங்கு கேட்கும். அவை அறியாத நோயையும் கொண்டு வரும். கருணையென்று எண்ணிச் செய்த செயல், ஊர் உயிர்களுக்கு வினையாய் விளையும். கொண்டுசெல்ல இயலாதவர்கள், பொறுப்புடன் வளர்க்கும் ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். விற்ற கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தாலும் குற்றமில்லை.

இதற்கு மறுதலையான தவறும் ஒன்றுண்டு. மாரி காலத்தில் வீதியைக் கடக்கும் உள்ளூர் ஆமையைக் கண்டு இரக்கங்கொண்டு, காரில் ஏற்றித் தொலைவிலுள்ள குளமொன்றிற் கொண்டுபோய் விடுவோர் இருக்கின்றனர். அந்த ஆமைக்குத் தன் குளம் தெரியும், முட்டையிடும் மேடு தெரியும். தொலைவிலே விட்டால் அது தன் இடந்தேடி அலைந்து மடியும். அது எந்தப் பக்கம் நோக்கிப் போயிற்றோ அந்தப் பக்கத்து வீதியோரத்தில் தூக்கி வைத்தாற் போதும். அதற்கு நாம் செய்யவேண்டிய பிரயாண உதவி பத்தடி தூரமே.

பள்ளிப் பிள்ளைகள் ஆமைக்குஞ்சைப் போத்தலிற் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அப்பிள்ளையைக் கண்டிப்பதைவிட, அதன் கையில் ஒரு வெப்பமானியைக் கொடுத்துப் போத்தலினுள் எத்தனை பாகை என்று பார்க்கச் சொல்வது மேல். தான் சுமந்து வந்தது தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாத ஓர் உயிர் என்பதை அந்த எண் அப்பிள்ளைக்குச் சொல்லிவிடும். அதை ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளை, வளர்ந்தபின் வெயிலில் நிற்கும் காருக்குள்ளே எந்த உயிரையும் அடைத்துவிட்டுச் செல்லாது.